‘போனவில்லை’ என்று யாராவது சொல்வார்களா? ஆங்கில இலக்கணத்தைத் தமிழ் வழியே பிடிப்பது

‘டிட் யூ வென்ட்?’ என்று கேட்பவரிடம், டிட் வந்தால் வினைச்சொல்லின் முதல் வடிவம்தான் வரும் என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம் அதே ‘டிட் வென்ட்’ திரும்பி வரும். விதி அவருக்குத் தெரியாமல் இல்லை, கேட்டால் ஒப்பிக்கவும் செய்வார். அவரிடமே ‘நேற்று நான் போனவில்லை’ என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சிரிப்பார். ‘போகவில்லை’ என்றுதான் யாரும் சொல்வோம். நடந்தது நேற்றைய விஷயம், ஆனாலும் ‘போன’ வருவதில்லை, காலம் காட்டாத ‘போக’ வருகிறது. ‘டிட் நாட் கோ’ என்பதும் இதேதான். ‘டிட் நாட் வென்ட்’ என்பது ஆங்கிலத்துப் ‘போனவில்லை’.

இலக்கணப் புத்தகங்கள் உலகத்துக்கெல்லாம் பொதுவாக எழுதப்பட்டவை. தமிழ் பேசுகிறவர் எங்கே தடுக்கி விழுவார் என்று அவற்றில் இருக்காது. பெரியவர்கள் வகுப்பில் நோட்டுகளைத் திருத்தினால் அந்த இடங்கள் சீக்கிரமே பிடிபடும். ஆளுக்கொரு தவறு இருக்காது, எல்லாரும் ஒரே சில முக்குகளில்தான் வழுக்கியிருப்பார்கள். பாதி முக்குகளில் வழிகாட்டியும் தமிழிலேயே நிற்கிறது. போகலாம், போக வேண்டும், போக முடியும், போகக் கூடாது: எல்லாவற்றிலும் அந்த ‘போக’ மாறுவதில்லை. மே கோ, மஸ்ட் கோ, கேன் கோ, ஷுட் நாட் கோ. ‘ஹி கேன் கோஸ்’ என்று எழுதுகிறவரும் ‘மஸ்ட் டு கோ’ என்று எழுதுகிறவரும் இந்த வரிசையை இரண்டு முறை சத்தமாகச் சொன்னால் போதும்.

கேள்விக்கு மட்டும் இந்த வித்தை உதவாது. ‘போனாயா?’ என்பதில் காலம் வினைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் எதிர்மறையில் தவறு நின்ற பிறகும் கேள்வியில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்துக்குக் காலத்தை ஒரே ஒரு சொல்தான் சுமக்கும். டிட் சுமந்துவிட்டால் கோ வெறுங்கையோடு நடக்கும். ‘ஸ்’ விஷயமும் இதேதான். ‘ஷி கோஸ்’ என்பதில் கோ சுமக்கிற ‘ஸ்’, ‘டஸ் ஷி கோ?’ என்று கேட்கும்போது டஸ்ஸுக்குப் போய்விடுகிறது. ‘டஸ் ஷி கோஸ்?’ என்றால் ஒரே மூட்டையை இரண்டு பேர் தூக்குகிற மாதிரி.

அந்த ‘ஸ்’ ஏன் இவ்வளவு மறக்கிறது என்பது வேடிக்கையான கேள்வி. வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது என்று ஆளுக்கொரு விகுதி போடுகிறவர்கள் நாம். ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று. ஆனால் தமிழ் விகுதி ‘யார்’ என்ற சேதியைச் சொல்கிறது, அது இல்லாமல் வாக்கியம் நிற்காது. ஆங்கில ‘ஸ்’ புதிதாக எதையும் சொல்வதில்லை, ஹி, ஷி என்று முன்னாடியே சொல்லியாகிவிட்டது. சேதி இல்லாததை மனசு விட்டுவிடும். பேசும்போது இதைத் துரத்த வேண்டாம், எழுதி முடித்த பின் தேடிப் பிடிப்பதே நடைமுறை. எழுவாய் ஐ, யூ அல்லாத ஒருமையா என்று பாருங்கள். ‘பாய்ஸ் ரன்’, ‘பாய் ரன்ஸ்’: நிகழ்காலத்தில் ‘ஸ்’ பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கம்தான் இருக்கும். ‘எவ்ரிபடி’ ஒரு பொறி. ‘எல்லாரும் வந்தார்கள்’ என்று நமக்குப் பன்மையாக இருப்பதால் ‘எவ்ரிபடி ஆர்’ என்று வருகிறது, ஆங்கிலத்தில் அது ஒருமை, ‘எவ்ரிபடி இஸ்’. ‘பீப்பிள்’ அதற்கு நேர்மாறு, ‘ஸ்’ இல்லாமலே பன்மை.

அடுத்த முக்கு ‘இங்’. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’ என்பவை ஊரறிந்த தவறுகள். இதற்கு ஒரு தமிழ்ச் சோதனை உண்டு: ‘கிட்டு இருக்கேன்’ போட்டுப் பாருங்கள். ‘சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்’ சரியாக இருக்கிறது, ஆகவே ‘ஐ ஆம் ஈட்டிங்’ சரி. ‘எனக்கு ரெண்டு தம்பிங்க இருந்துக்கிட்டு இருக்காங்க’ என்று யாரும் சொல்ல மாட்டோம், ஆகவே ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’. ‘எனக்கு இட்லி பிடிச்சுக்கிட்டு இருக்கு’ வராது, ‘ஐ லைக் இட்லி’. ‘எனக்கு ஒரு பேனா வேணும்’ என்பதிலும் ‘கிட்டு’ ஒட்டாது, ‘ஐ வான்ட் எ பென்’. ‘ஐ ஆம் ஹேவிங் லன்ச்’ மட்டும் ஏன் சரி என்று கேட்பார்கள். அங்கே ஹேவ் என்றால் சாப்பிடுவது, வைத்திருப்பது இல்லை. சோதனையை மறுபடி போட்டால் விடை தானே வரும்.

சோதனை கைவிடுகிற இடமும் உண்டு. ‘பேங்க்ல வேலை பார்க்கிறேன்’ என்பதற்கும் ‘டிவி பார்க்கிறேன்’ என்பதற்கும் தமிழில் ஒரே ‘பார்க்கிறேன்’தான். முதலாவது வழக்கமாக நடப்பது, ‘ஐ வொர்க் இன் எ பேங்க்’. இரண்டாவது இந்த நிமிஷம் நடப்பது, ‘ஐ ஆம் வாட்சிங் டிவி’. ‘தினமும்’, ‘எப்பவும்’ என்ற சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை பொருந்தினால் ‘இங்’ வேண்டாம். ‘ஐ ஆம் கெட்டிங் அப் அட் சிக்ஸ் டெய்லி’ என்று எழுதுகிறவர் ‘தினமும்’ என்ற சொல்லை எழுதிவிட்டே தவறு செய்கிறார், அவ்வளவுக்கு ‘ஐ ஆம்’ நாக்கில் ஊறியிருக்கிறது. பள்ளியில் ‘ஐ ஆம்’ முதலில் வந்து சேர்வதால் ‘ஐ’ என்றதும் ‘ஆம்’ ஒட்டிக்கொண்டே வருகிறது. ‘ஐ ஆம் அக்ரீ’, ‘ஐ ஆம் வென்ட்’ எல்லாம் அந்த ஒட்டுதான்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் நம்மிடம் உண்டு. ‘அவர் டாக்டர்’ என்று வினையே இல்லாமல் தமிழில் வாக்கியம் முடியும். ஆங்கிலத்தில் முடியாது, நடுவில் ‘இஸ்’ வேண்டும். ‘மழை பெய்யுது’ என்பதில் மழையே எழுவாய். ஆங்கிலத்தில் ‘இட் இஸ் ரெயினிங்’, அந்த ‘இட்’ யார் என்று தேடக் கூடாது, நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று உட்காரவைத்த ஆள். ‘மணி அஞ்சு’ என்பதற்கும் அதே ஆள்தான், ‘இட் இஸ் ஃபைவ்’.

‘ஹேவ் சீன்’, ‘சா’ குழப்பத்துக்குப் பெரிய பெரிய அட்டவணை போடுவார்கள். ‘ஆச்சு’ என்ற ஒரு சொல் அதைவிட வேகமாக வேலை செய்கிறது. ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்கும்போது எப்போது என்பது நமக்குத் தேவையில்லை, முடிந்ததா இல்லையா என்பதே கேள்வி. ‘ஹேவ் யூ ஈட்டன்?’ சரியாக அதுதான். ‘எப்போ சாப்பிட்டாச்சு?’ என்று தமிழில் கேட்க வராது, ‘எப்போ சாப்பிட்டீங்க?’ என்றுதான் வரும். அதேபோல ‘வென் ஹேவ் யூ ஈட்டன்?’ வராது, ‘வென் டிட் யூ ஈட்?’. நேற்று, போன வாரம், 2015இல் என்று முடிந்துபோன காலம் ஒன்று வாக்கியத்தில் உட்கார்ந்தால் ஹேவ் எழுந்து போய்விட வேண்டும். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ தவறாவது அதனால்தான். ‘பார்த்திருக்கேன்’ என்ற அனுபவப் பொருளிலும் ஹேவ் பொருந்தும். ‘ஊட்டிக்குப் போயிருக்கேன்’ என்றால் ‘ஐ ஹேவ் பீன் டு ஊட்டி’. ‘அவர் ஊட்டிக்குப் போயிருக்கார்’ என்பதில் கவனம் வேண்டும். போய்த் திரும்பிவிட்டார் என்றால் ‘பீன்’, இன்னும் அங்கேயே இருக்கிறார் என்றால் ‘கான்’. மேலதிகாரியைத் தேடி வந்தவரிடம் ‘ஹி ஹேஸ் பீன் டு ஊட்டி’ என்றால், அவர் உள்ளே காத்திருக்கத் தயாராகிவிடலாம்.

‘நேத்து மதுரை போயிருந்தேன்’ என்று இயல்பாகச் சொல்வோம். அதை ‘ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே’ என்று மாற்றுவது படித்தவர்களிடமே அதிகம். ஆங்கிலத்தில் ‘ஹேட் கான்’ தனியாக நிற்காது. கடந்துபோன இரண்டு செயல்கள் இருந்து, அதில் முந்தையது எது என்று காட்டத்தான் அது. ‘நான் ஸ்டேஷன் போறதுக்குள்ள ரயில் போயிருந்துச்சு’, ‘தி டிரெய்ன் ஹேட் லெஃப்ட் வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன்’. ஒரே செயல் என்றால் ‘ஐ வென்ட்’. அலுவலகக் கடிதங்களில் ‘வி ஹேட் சென்ட் தி பில் ஆன் மண்டே’ என்று இருப்பதையெல்லாம் ‘வி சென்ட்’ ஆக்கினாலே பாதிக் கடிதம் தெளிந்துவிடும்.

‘அஞ்சு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்’ என்பதைத் தமிழ் நிகழ்காலத்தில் சொல்கிறது. ஆங்கிலத்துக்கு அது போதாது. அப்போது தொடங்கி இன்றுவரை என்றால் ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. எவ்வளவு காலம் என்று அளந்தால் ‘ஃபார்’, எந்தப் புள்ளியிலிருந்து என்று காட்டினால் ‘சின்ஸ்’: ‘சின்ஸ் 2019’. ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ தவறு. ‘அவர் வந்தா சொல்றேன்’ என்பதற்கு ‘இஃப் ஹி வில் கம்’ என்று எழுதுகிறவர்கள் ‘வந்தா’வைப் பார்க்க வேண்டும். வரப்போவதைச் சொன்னாலும் அதில் எதிர்காலம் இல்லை. ‘இஃப் ஹி கம்ஸ், ஐ வில் டெல் யூ’.

இப்போது எ, அன், தி. தமிழில் இவை இல்லை என்று சொல்லியே பயமுறுத்துகிறார்கள். சொல்லாக இல்லையே தவிர, அந்த வேலை தமிழிலும் நடக்கிறது. எ, அன் வேறுபாடு நமக்கு ஒரு, ஓர் வேறுபாடு. ஒரு வீடு, ஓர் ஊர். உயிரெழுத்துக்கு முன் ஓர். ஆங்கிலத்திலும் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும். ஒரு குறுக்குவழி: அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் அன். எம்எல்ஏ, ‘எ’வில் தொடங்குகிறது, ஆகவே அன் எம்எல்ஏ. யுனிவர்சிட்டி, ‘யு’வில் தொடங்குகிறது, ஆகவே எ யுனிவர்சிட்டி. இந்த வழி இரண்டு இடத்தில் ஏமாற்றும். மணியைக் குறிக்கும் சொல்லை நாம் ‘ஹவர்’ என்று எழுதிப் பழகியிருக்கிறோம். உச்சரிப்பு ஏறக்குறைய நம்முடைய ‘அவர்’ மாதிரி, ஆகவே அன். ‘ஒன்’ என்று எழுதுவதன் ஒலி ‘வன்’, ஆகவே எ ஒன்-வே டிக்கெட்.

‘தி’க்கு இரண்டாம் வேற்றுமை உதவுகிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம், ‘ஐ பாட் எ புக்’. ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் கேட்பவருக்கும் தெரிந்த புத்தகம், ‘ஐ பாட் தி புக்’. அந்த ‘ஐ’ உருபு அஃறிணைச் சொற்களில் பெரும்பாலும் ‘தி’ செய்கிற வேலையைத்தான் செய்கிறது. (மனிதரைக் குறிக்கும் சொல்லில் ‘ஐ’ எப்படியும் வந்துவிடும் என்பதால் அங்கே இதை நம்ப முடியாது.) எழுவாய் இடத்தில் பாட்டி கதை போதும்: ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு ஏழு பொண்ணுங்க.’ முதல் தடவை எ கிங், அடுத்த தடவை தி கிங். ‘எந்த?’ என்று கேட்பவர் கேட்டால் பதில் ஏற்கனவே அவருக்குத் தெரியுமா என்பதே கேள்வி.

பெயர்களில் சில வழக்கங்களை நினைவில் வைத்துக்கொள்வதே சுலபம். ஆறுகளுக்கு ‘தி’ உண்டு, தி காவிரி. மலைத்தொடருக்கு உண்டு, தி நீல்கிரிஸ். தனிச் சிகரத்துக்கு இல்லை, ஆனைமுடி வெறும் ஆனைமுடிதான். ஊர், மாநிலம் பெயர்களுக்கு இல்லை, தி தமிழ்நாடு என்று எழுதக் கூடாது.

பன்மையில் ஒரே எச்சரிக்கை. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட்: இவற்றுக்கு எ, அன் கிடையாது, ‘ஸ்’ கிடையாது. பர்னிச்சர் கடைப் பலகையில் ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று பார்த்துப் பார்த்து நமக்கு அதுவே சரி என்று தோன்றிவிட்டது. ‘ரெண்டு மாடு’ என்று தமிழில் ‘கள்’ இல்லாமல் சொல்லலாம், ஆங்கிலத்தில் ‘டூ கவ்’ முடியாது. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்பதிலும் நண்பர்கள் பலர், ஆகவே ஃப்ரெண்ட்ஸ்.

வேற்றுமை உருபுகளை அப்படியே பெயர்ப்பதால் வருவன அடுத்த கூட்டம். ‘பிரச்சினையைப் பற்றி’ என்பதிலிருந்து ‘டிஸ்கஸ் அபவுட்’ பிறக்கிறது, டிஸ்கஸ்ஸுக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது. ‘ஸ்டேஷனுக்கு’ என்பதிலிருந்து ‘ரீச் டு’, ‘அவளோட’ என்பதிலிருந்து ‘மேரீட் வித்’, ‘என்கிட்ட’ என்பதிலிருந்து ‘டோல்ட் டு மீ’. சரியானவை ரீச்ட் தி ஸ்டேஷன், மேரீட் டு ஹெர், டோல்ட் மீ. ‘செட்’ வந்தால் மட்டும் ‘செட் டு மீ’. ‘எக்ஸ்ப்ளெய்ன்’ செட்டின் கட்சி, ‘எக்ஸ்ப்ளெய்ன் டு மீ’. தமிழில் ‘பாட்டு கேட்டேன்’ என்பதில் உருபே இல்லை என்பதால் ‘லிசன்ட் டு’வில் ‘டு’ விழுந்துபோகிறது.

‘இல்’ ஒன்றுக்கு அட், ஆன், இன் மூன்று. மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருஷத்துக்கும் இன். நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி வந்தால் எதுவும் வேண்டாம்: ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ என்பதில் ஆன் மிகை. வண்டிகளில், ஏறி உள்ளே நடக்க முடிந்தால் ஆன் தி பஸ், ஆன் தி டிரெய்ன். குனிந்து உட்காருவதென்றால் இன் தி கார், இன் தி ஆட்டோ.

சொல் வரிசைக்கு ஒரு பழைய வித்தை: எழுவாயை எடுத்து வைத்துவிட்டு மீதியை வாலிலிருந்து படியுங்கள். ‘நான் | நேற்று | மதுரையில் | மாமாவை | பார்த்தேன்’. நான், பார்த்தேன், மாமாவை, மதுரையில், நேற்று. ‘ஐ மெட் மை அங்கிள் இன் மதுரை எஸ்டர்டே.’ வாக்கியம் நீளும்போது இது முழுதாக உதவாது, ஆனால் ‘நேத்து வந்த பையன்’ போன்ற துண்டுகளும் இப்படித்தான் திரும்பும்: பையன், வந்த, நேத்து. ‘தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே.’

கேள்வியில் நம்மவர்கள் இரண்டு தவறுகளைச் சரியாக இடம் மாற்றிச் செய்வார்கள். திருப்ப வேண்டிய இடத்தில் திருப்ப மாட்டார்கள், ‘வேர் யூ ஆர் கோயிங்?’. திருப்பக் கூடாத இடத்தில் திருப்புவார்கள், ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி’. நேரடிக் கேள்வி என்றால் ஆர், இஸ், டிட் முன்னால் வரும், ‘வேர் ஆர் யூ கோயிங்?’. ‘எங்க இருக்கார்னு தெரியல’ என்று ‘னு’ போட்டு உள்ளே அடங்கிய கேள்வி என்றால் சாதாரண வரிசை, ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்’. தமிழில் ‘னு’ வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘தான்’ என்ற நம்முடைய அழுத்தம் ‘ஒன்லி’யாக வாக்கியத்தின் வாலில் தொங்கும்: ‘ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி’. இந்தியாவுக்குள் எல்லாருக்கும் புரியும், அதை ஒரு குற்றமாக நினைத்துப் பேச்சை நிறுத்திவிடத் தேவையில்லை. வெளியே போகும் கடிதத்தில் ‘ஒன்லி எஸ்டர்டே’ என்று முன்னால் நகர்த்துங்கள்.

உண்மையில் குழப்பம் விளைவிப்பது இலக்கணப் புத்தகத்தில் அதிகம் இடம்பெறாத ஒன்று. ‘நீங்க இன்னும் கிளம்பலையா?’ என்றால் ‘ஆமா, கிளம்பல’ என்போம். கேள்வியோடு ஒத்துப்போவதால் ஆமா. ஆங்கிலம் கேள்வியைப் பார்க்காது, உண்மையைப் பார்க்கும். ‘ஹேவன்ட் யூ லெஃப்ட் யெட்?’ என்பதற்குக் கிளம்பவில்லை என்றால் ‘நோ, ஐ ஹேவன்ட்’. ஃபோனில் வெறும் ‘யெஸ்’ என்று சொல்லிவிட்டால் கிளம்பிவிட்டீர்கள் என்று எதிர்முனையில் கணக்குப் போடுவார்கள். யெஸ், நோ இரண்டையும் தனியே விடாமல் பின்னால் ஒரு சின்ன வாக்கியம் சேர்த்துச் சொல்லும் பழக்கம் இதைக் காப்பாற்றும்.

பயிற்சிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் அன்றைக்கு நீங்களே பேசிய பத்துத் தமிழ் வாக்கியங்கள், பேச்சுத் தமிழிலேயே. வலது பக்கம் ஆங்கிலம். புத்தகத்திலிருந்து எடுத்த வாக்கியங்கள் வேண்டாம், அவற்றை நீங்கள் எங்கும் பேசப் போவதில்லை. எழுதும்போது யோசித்து நிற்காதீர்கள். முடித்த பிறகு மூன்று முறை படியுங்கள், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் தேடி. முதலில் வினைச்சொல்: காலத்தை ஒரே சொல் சுமக்கிறதா, ‘ஸ்’ இருக்கிறதா. அடுத்து எ, அன், தி. கடைசியில் அட், ஆன், இன். வரிசையை மாற்ற வேண்டாம். வினை பிசகினால் அர்த்தமே மாறும், ‘ஆன்’ பிசகினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் திருத்த முயன்றால் கண்ணில் படுவது எழுத்துப்பிழை மட்டும்தான்.

ஒரு வாரத்துக்கு ஒரு முக்கு. மூன்றாம் நாள் வலது பக்கத்தை மூடி, இடது பக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லுங்கள். தடுக்கிய வாக்கியங்களுக்கு மட்டும் பென்சிலில் ஒரு புள்ளி. அடுத்த வாரப் பத்தில் அந்தப் புள்ளி வாக்கியங்களை முதலில் எழுதுங்கள். மூன்று புள்ளி வாங்கிய வாக்கியம் இருந்தால் அதன் விதியை மறுபடி படிப்பதில் பயனில்லை. அதன் தமிழைப் பாருங்கள், எந்தச் சொல் இழுக்கிறது என்று அங்கே தெரியும்.